பதினேழாம் மாடி மட்டும் காய்ந்திருந்தது

அந்தக் கட்டடத்தில் அவருடைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி காவலாளி முதல் மேனேஜர் அம்மா வரை எல்லோருக்கும் அவர் வேர்வையார். இருபத்திரண்டு வருடங்களாக அவர் பார்த்து வந்த வேலை ஒன்றே ஒன்று. எந்த மாடியில் எந்தக் குழாய் வேர்க்கிறது, ஏன் வேர்க்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு மாடிக் கட்டடத்தில் அது தீருகிற வேலையா?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் நனைவதைப் பார்க்காதவர் யாரும் கிடையாது. அதே கதைதான் இங்கேயும். அடித்தளத்தில் இருக்கும் பெரிய இயந்திரங்கள் தண்ணீரைக் குளிரவைத்து மாடி மாடியாக அனுப்பும். அந்தக் குளிர்ந்த குழாயை வெளிக்காற்று தொட்டால் குழாய் வேர்த்துக் கொட்டும். தொடவிடாமல் இருக்கத்தான் கறுப்பு ரப்பர் உறை, அதன்மேல் ஒரு பூச்சு. உறை ஒழுங்காக இருந்தால் கீழே உட்கார்ந்திருப்பவர் நிம்மதியாக வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் ஃபால்ஸ் சீலிங்கில் முதலில் பழுப்பு வட்டம் விழும், பிறகு யார் தலையிலாவது சொட்டும், பிறகு வேர்வையாருக்குப் போன் வரும்.

போன் செய்கிறவர்கள் எல்லோரும் ‘குழாய் உடைந்துவிட்டது’ என்றுதான் கத்துவார்கள். அவர் அவசரப்பட மாட்டார். ஏணியில் ஏறி ஒரு வெள்ளைக் கோப்பையைச் சொட்டுக்குக் கீழே பிடிப்பார். குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும், அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கோப்பையில் விழுந்தது சிவந்திருந்தால் உடைப்பு. தெளிந்திருந்தால் வேர்வை. அதற்கப்புறம்தான் அவருடைய ஊசி வெளியே வரும். சாக்கு தைக்கிற நீளமான ஊசி. அதை உறைக்குள் குத்தி, பத்து எண்ணி, உருவிக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பார். உதடு சொல்லிவிடும், உள்ளே ஈரமா காய்ந்திருக்கிறதா என்று. குத்திய இடத்தைச் சுற்றி ஒரு சாக்பீஸ் வட்டம் போடுவார். நான் பார்த்துவிட்டேன் என்பதற்கு அதுதான் முத்திரை. உறை மாற்றும் வேலை எங்கே நடந்தாலும், முழத்துக்கு ஒரு வட்டமாக வேர்வையார் குத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது முடிந்த வேலை.

இதிலெல்லாம் அவருக்குப் பெருமை இருந்த காலம் உண்டு. இப்போது அலுப்புதான் இருந்தது. முழங்கால்கள் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. ஏணியின் நாலாவது படியில் கால் வைக்கும்போது எலும்பும் எலும்பும் பேசிக்கொள்வது அவர் காதுக்கே கேட்டது. வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை. யாரையாவது சீண்டாமல், நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் அவரால் ஒரு ஏணியைக்கூட நகர்த்த முடியாது. அவர் சீண்டுவதில் பாதி, உறை போர்த்துகிற குழுவின் தலைவருக்குத்தான் போகும்.

அந்தக் குழுத்தலைவர் வேறு யாருமில்லை, அவருடைய தங்கை கணவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேலையில்லாமல் நின்றவரைக் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்து சேர்த்தவர் வேர்வையார். சேர்த்துவிட்டதை மறந்தாரா என்றால், அதுதான் இல்லை. யார் வீட்டில் நாலு பேர் கூடினாலும் பேச்சு எப்படியாவது சுற்றிச் சுற்றி அங்கே வந்து நிற்கும். மாப்பிள்ளை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டிக்கொண்டிருப்பார். வேலையில் கெட்டிக்காரர், கை சுத்தம். ஒருவர் போர்த்துவதும் மற்றவர் குத்திப் பார்ப்பதுமாக இருந்ததால், காவலாளிகள் இருவரையும் வேர்வை, போர்வை என்று ஜோடியாகவே கூப்பிட்டார்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பதினாறிலிருந்து பத்தொன்பது வரை நாலு மாடிகளில் பழைய உறையைக் கழற்றிவிட்டுப் புது வகை உறை போட்டார்கள். மேலே பளபளவென்று வெள்ளித்தாள் ஒட்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலு மாதம் கழித்துப் பத்தொன்பதில் இருக்கும் பல் மருத்துவமனையில் சொட்ட ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் குழு வந்து அந்த இடத்தில் உறையை மாற்றியது, வேர்வையார் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்து மாதத்தில் மறுபடியும் சொட்டியது. மறுபடியும் மாற்றினார்கள், அவரும் மறுபடியும் சோதித்தார். மூன்றாவது முறை சொட்டியபோது, கீழே நாற்காலியில் மல்லாந்து வாயைத் திறந்து வைத்திருந்த ஒரு பெரிய மனிதரின் வாய்க்குள்ளேயே விழுந்தது. அவர் அதை மருந்து என்று நினைத்து விழுங்கிவிட்டார். கட்டடமே சிரித்தது. பல் மருத்துவர் சிரிக்கவில்லை. இனி ஒரு சொட்டு விழுந்தாலும் இடத்தைக் காலி செய்வதாக மேனேஜர் அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

மேனேஜர் அம்மா குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். ஒரே இடத்தில் மூன்று முறை என்றால் போர்த்துகிறவன் கை சரியில்லை என்று அர்த்தம், அந்தக் குழுவை அனுப்பிவிட்டு வேறு குழு கொண்டுவரப் போகிறேன் என்றார். அதற்கு வேர்வையாரின் அறிக்கை வேண்டும், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள். பேசி முடித்துவிட்டு, கீழே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் வேலை காலியாகிறது, இந்த விவகாரம் முடிந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து நீங்கள் அங்கே உட்காரலாம் என்றும் சொன்னார். ஏணி இல்லாத வேலை. வேர்வையாருக்கு அப்போதே முழங்கால் வலி பாதி குறைந்ததுபோல் இருந்தது. வீட்டில் சொன்னபோது மனைவி, உட்கார வைத்தால் நீங்கள் எழுந்திருக்கவே மாட்டீர்களே என்று கேலி செய்தாலும், அன்று முழுக்க அவள் முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் காலையில் தங்கை போன் செய்தாள். விஷயம் அவள் காதுக்கு எட்டியிருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அண்ணா, அவரை அனுப்பிடுவாங்களா? ஐம்பத்திரண்டு வயசுல அவரை இனி யாரு சேர்த்துக்குவாங்க?”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை மேல் அவருக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குழாயை ஒழுங்காகப் போர்த்தத் தெரியாதா இந்த மனிதனுக்கு? இவனைச் சேர்த்துவிட்ட பாவத்துக்கு நான் அல்லவா நடுவில் மாட்டிக்கொண்டேன் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பதுக்குப் போனார்.

ஃபால்ஸ் சீலிங்கின் பலகையை நகர்த்தித் தலையை உள்ளே விட்டதும் ஈரச் சாக்கின் வாடை அடித்தது. கோப்பையில் விழுந்தது தெளிந்த நீர், ஆகவே வேர்வைதான். உறை பல இடங்களில் உப்பியிருந்தது. கத்தியால் கீறிப் பார்த்தார். உள்ளே ஊறிப்போயிருந்தது. மாப்பிள்ளை எங்கே கோட்டைவிட்டிருப்பார் என்று ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டு போனார். குறை சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. இணைப்புகள் எல்லாம் பசை பிசகாமல், நாடா சுருங்காமல், அச்சடித்தாற்போல் இருந்தன. குறை கிடைக்கவில்லையே என்று எரிச்சல்கூட வந்தது. அதற்குள் முழங்கால் போதும் போதும் என்று கெஞ்சியது. பதினெட்டிலும் பதினாறிலும் ஏறிப் பார்த்தார். பதினெட்டு வாடகைக்கு ஆள் வராமல் காலியாகக் கிடந்தது, பதினாறு பழைய காகிதக் கட்டுகளின் கிடங்கு. இரண்டு மாடியிலும் உறை அதேபோல உப்பிச் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. கேட்க ஆள் இல்லாததால் யாரும் போன் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பதினேழாம் மாடி காப்பீட்டு அலுவலகம். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் இடம். தண்ணீர் பாட்டில் மாற்றுகிறவரை வழியில் பார்த்தபோது, இங்கே சொட்டுகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டார். இந்த ஒன்றரை வருடத்தில் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை என்றார் அவர். வேர்வையாருக்கு அது உறுத்தியது. அதே குழு, அதே சரக்கு, அதே மாதத்தில் போர்த்தியது. காற்று மட்டும் வேறாக இருக்க முடியுமா? காற்றின் ஈரம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தார். மேலே என்ன ஈரமோ அதே ஈரம்தான் இங்கேயும். ஆனால் உறை சருகு மாதிரி காய்ந்திருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஏணியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். வெள்ளித்தாள் நேற்று ஒட்டியதுபோல் இருந்தது. அதில் ஒரு கீறல் இல்லை, ஒரு சாக்பீஸ் வட்டமும் இல்லை.

வட்டம் ஏன் இல்லை?

ஏணியின் மேலேயே நின்று யோசித்தார். நினைவு வந்தது. பதினேழில் போர்த்தி முடித்த வாரம் அவருக்கு முழங்கால் வீங்கிக் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அங்கே அவர் போகவே இல்லை. கீழே உட்கார்ந்தபடியே பதிவேட்டில் ‘சோதித்தேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு மாடிக்குத்தான்.

பத்தொன்பதுக்கு மறுபடியும் ஏறினார். இந்தமுறை இணைப்புகளைப் பார்க்கவில்லை, வட்டங்களைப் பார்த்தார். முழத்துக்கு ஒரு வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஊசித் துளை. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் உறை உப்பியிருந்தது. வட்டத்திலிருந்து விலக விலக ஈரம் குறைந்துகொண்டே போயிற்று. வெப்பம் பார்க்கும் கருவியை வட்டத்தின்மேல் வைத்தால் பத்தொன்பது டிகிரி, ஒரு சாண் தள்ளி வைத்தால் இருபத்து நான்கு. இதற்குமேல் சாட்சி வேண்டுமா என்ன.

பழைய உறைக்கு மேல் பிசின் மாதிரி கெட்டியான ஒரு பூச்சு இருக்கும். ஊசியை உருவினால் அது தானாகவே கூடிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில்தான் அவர் இருபது வருடம் குத்தினார், ஒரு கெடுதலும் வரவில்லை. புது உறைக்கு மேலே இருப்பது வெறும் தாள். கிழிந்தால் கிழிந்ததுதான். அந்தத் துளை வழியாக ஈரக்காற்று உள்ளே போய், குளிர்ந்த குழாயைத் தொட்டு, நீராகி, ரப்பருக்குள்ளேயே ஊறியிருக்கிறது. மாப்பிள்ளை ஒவ்வொரு தடவை புதிதாகப் போர்த்தியபோதும், இந்தமுறையாவது ஒழுங்காக இருக்க வேண்டுமே என்று இவர் போய் முன்னைவிட நெருக்கமாகக் குத்தியிருக்கிறார். வைத்தியம் பார்க்கப் போன ஆளே நோயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் ஏணியின் மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்பதை யாரும் அவருக்கு விளக்கத் தேவையில்லை. துளை போட்டது நான் என்று எழுதினால் மட்டும் போதாது. எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். பதினேழாம் மாடியைச் சொல்ல வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதையும் சொல்ல வேண்டும். அப்புறம் எந்த கண்ட்ரோல் ரூம், எந்த ஒன்றாம் தேதி? எழுதாவிட்டால் மாப்பிள்ளை வெளியே. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். ‘உறை பல இடங்களில் ஈரமாகியுள்ளது. மூன்று மாடிகளிலும் முழுவதுமாக மாற்ற வேண்டும்.’ இரண்டே வரி. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, யார் தப்பு என்பதும் இல்லை. தான் இவ்வளவு கெட்டிக்காரன் என்று அவருக்கு இதுவரை தெரியாது. தெரிந்ததும் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

நாலு மணிக்கு மேனேஜர் அம்மாவின் அறைக்குப் போனபோது மாப்பிள்ளை முன்பே வந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். வேலைச் சட்டையை மாற்றி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மேனேஜர் அம்மா அறிக்கையைப் படித்தார். பிறகு அதன் அடியில், போர்த்தியவர் குறையை ஒப்புக்கொள்வதாக ஒரு வரி எழுதி, மாப்பிள்ளையிடம் நீட்டினார். மாப்பிள்ளை படித்துப் பார்க்கக்கூட இல்லை. மச்சான் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் மேசைமேல் குனிந்து பேனாவைத் திறந்தார். குனிந்த அந்தப் பிடரியில், ரப்பர் பசை ஒட்டிக் காய்ந்த ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. எத்தனை தேய்த்தும் போகாத கறை. வேர்வையாரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“மாப்ளே, கையெழுத்துப் போடாதீங்க,” என்றார். மேனேஜர் அம்மா பக்கம் திரும்பினார். “மேடம், அதுல தப்பு அவருது இல்ல. ஓட்டை போட்டது நான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஊசி, வட்டம், வெள்ளித்தாள், பதினேழாம் மாடி எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, யாரோ ஒருவருடைய கதையை ஒப்பிப்பதுபோல் இருந்தது. மேனேஜர் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். அறிக்கையை வாங்கி இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். குழு இருக்கட்டும், திங்கட்கிழமை முதல் மூன்று மாடியையும் போர்த்தட்டும், இனி யாரும் எதையும் குத்த வேண்டாம் என்றார். கடைசியாகத்தான் வேர்வையாரை நிமிர்ந்து பார்த்தார்.

“கண்ட்ரோல் ரூம்ல திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுறதுதான் வேலை. பார்க்காமலே போடுற ஒருத்தரை நான் எப்படி அங்க உட்கார வைக்கிறது, நீங்களே சொல்லுங்க.”

அந்த அம்மா கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது?

ஈர உறை எவ்வளவு நீளம் என்று அளந்து சொல்லிவிட்டுப் போகும்படி உத்தரவு. இருவரும் சரக்கு லிஃப்டில் ஏணியை ஏற்றிக்கொண்டு பத்தொன்பதுக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை நன்றி சொல்வார், அல்லது நாலு வார்த்தை திட்டுவார் என்று வேர்வையார் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை. அவரே ஆரம்பித்தார். உறையைக் கழற்றியது நீங்கள்தானே, ஒவ்வொரு தடவையும் அந்த வட்டத்தைச் சுற்றி ஊறியிருந்ததைப் பார்த்திருப்பீர்களே, ஒரு நாளும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டார்.

“முதல் தடவை கழட்டும்போதே தெரிஞ்சது மச்சான்.”

“அப்ப ஏன் சொல்லலை?”

மாப்பிள்ளை லிஃப்டின் எண் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சொன்னேன். நீங்க ஏணி மேல நின்னீங்க. குத்துற இடத்துல எல்லாம் ஊறுதே, கொஞ்சம் பாருங்கன்னு சொன்னேன். வேலை வாங்கிக் கொடுத்தவனுக்கே வேலை கத்துக் கொடுக்கறியான்னு கேட்டீங்க. கீழ நின்ன பசங்க எல்லாம் சிரிச்சாங்க.” பலகையில் எண் மாறியது. “நானும் சிரிச்சேன்.”

குரலில் கோபம் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னார். வேர்வையார் அந்த நாளைத் தேடிப் பார்த்தார். எந்த மாதம், எந்த ஏணி, யார் யார் சிரித்தார்கள்? எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் அவர் நினைவில் இல்லவே இல்லை. அதேமாதிரி எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார், இது அவற்றில் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? லிஃப்ட் நின்று கதவு திறந்தது. மாப்பிள்ளை ஏணியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தை அவர் தூக்குவதற்காகக் காத்து நின்றார்.